பழந்தெருக்களின் காவலர் அந்திரே மால்ரோ

1924ஆம் ஆண்டு யூலை மாதத்தில், கம்போடியாவின் தலைநகராகிய நொம்பென்னில் இருந்த பிரெஞ்சு நீதிமன்றத்திலே இருபத்திரண்டு வயது இளைஞர் ஒருவர் குற்றவாளிக் கூண்டில் நின்றார். காடு மூடிக் கிடந்த சிவன் கோயில் ஒன்றின் சுவரிலிருந்து சிற்பங்களைப் பெயர்த்துக் கடத்த முயன்றார் என்பது அவர்மீது சாட்டப்பட்ட குற்றம். அவர் தரப்பு வாதம் சுருக்கமானது. அக்கோயில் அரசாங்கத்தின் பாதுகாக்கப்பட்ட சின்னங்களின் பட்டியலில் ஏறவில்லை. பட்டியலில் ஏறாதது கேட்பாரற்ற பொருள். கேட்பாரற்ற பொருளை எடுத்தல் களவாகாது. நீதிமன்றம் இதனை ஏற்கவில்லை. மூன்றாண்டுச் சிறைத்தண்டனை விதித்தது.

முப்பத்தெட்டு ஆண்டுகள் கழிந்தன. 1962ஆம் ஆண்டு, அதே யூலை மாதத்தில், பிரான்சின் தேசிய சபையிலே அமைச்சர் ஒருவர் எழுந்து நின்றார். தனித்தனிக் கட்டடங்களை மட்டுமன்றிப் பழைய நகர்ப்பகுதிகளை முழுமையாகவே பட்டியலிற் சேர்த்துக் காக்கவேண்டும் என்று வாதாடினார். அந்த இளைஞரும் இந்த அமைச்சரும் ஒருவரே. அவர்தாம் நாவலாசிரியர் அந்திரே மால்ரோ.

1901ஆம் ஆண்டு நவம்பர் 3ஆந் திகதி பாரிஸ் மாநகரிற் பிறந்தவர் மால்ரோ. தாய் தந்தையர் பிரிந்தமையால், நகரின் புறத்தேயுள்ள பொந்தி என்னும் ஊரில், சிறு பலசரக்குக் கடை நடத்திய பாட்டியார் வீட்டிலே வளர்ந்தார். பள்ளிப் படிப்பை முடிக்கவில்லை, பட்டமும் பெறவில்லை. அவருக்குக் கல்வி தந்தவை பழைய புத்தகக் கடைகளும் அரும்பொருட் சாலைகளுமே. 1921இல் கிளாரா கோல்ட்ஷ்மித் என்னும் செல்வ மங்கையை மணந்தார். அவருடைய சீதனம் பங்குச் சந்தையிலே கரைந்தது. கையில் ஒன்றும் மிஞ்சாத நிலையிலேதான் 1923இல் மனைவியுடனும் நண்பர் ஒருவருடனும் கம்போடியாவுக்குக் கப்பலேறினார்.

அவர் கைவைத்த கோயில் பந்தியாய் ஸ்ரே. கி.பி. 967இல் குடமுழுக்குக் கண்ட அக்கோயில் இளஞ்சிவப்பு மணற்கல்லால் இழைக்கப்பட்டது. அதன் முகப்பொன்றிலே ஆடும் பெருமானின் காலடியிற் காரைக்காலம்மையார் அமர்ந்திருக்கும் காட்சி செதுக்கப்பட்டிருப்பதை நம்மவர் பலர் அறிவர். அத்தகைய கோயிலின் தேவமாதர் உருவங்களை வாளால் அறுத்து மாட்டுவண்டியில் ஏற்றிய செயலை, வறுமையைக் காட்டியோ இளமையைக் காட்டியோ நியாயப்படுத்த எனக்கு மனம் வரவில்லை. பிரான்சின் எழுத்தாளர் பலர் அவருக்காக விண்ணப்பம் எழுதினர். மேன்முறையீட்டிலே தண்டனை ஓராண்டாகக் குறைந்தது, அதுவும் ஒத்திவைக்கப்பட்டது. சிற்பங்கள் கோயிலுக்கே திரும்பின. பின்னர், 1931 முதல் 1936 வரை, அறிஞர் ஹென்றி மர்ஷால் சரிந்த கற்களை உரிய இடங்களில் மீண்டும் பொருத்தி அக்கோயிலை நிமிர்த்தினார்.

அதன் பின்னர் மால்ரோவின் வாழ்க்கை பெருவெள்ளம்போல் ஓடியது. 1925இல் சைகோனிலே பத்திரிகை நடத்திக் குடியேற்ற ஆட்சியைச் சாடினார். 1930இல் கம்போடிய அனுபவத்தையே நாவலாக்கினார். 1933இல் சீனப் புரட்சியைக் களமாகக் கொண்ட நாவலுக்குக் கொங்கூர் பரிசு கிடைத்தது. ஸ்பானிய உள்நாட்டுப் போரிலே குடியரசின் பக்கம் நின்று விமானப்படை அணியொன்றைத் திரட்டினார். இரண்டாம் உலக யுத்தத்தில் எதிர்ப்பியக்கத்திற் சேர்ந்து, 1944இல் ஜெர்மானியரிடம் பிடிபட்டு மீண்டார். தம்பியர் இருவரையும் அந்த யுத்தம் கொண்டுபோயிற்று. 1961இல் அவருடைய மைந்தர் இருவரும் ஒரே மோட்டார் விபத்தில் மாண்டனர். அடுத்த ஆண்டிலேதான் நாம் முதலிற் கண்ட சட்டமூலம் சபைக்கு வந்தது.

1959இல் ஜெனரல் டி கோல் அவரைக் கலாசார விவகாரங்களுக்கான அமைச்சராக்கினார். பத்தாண்டு அப்பதவியில் இருந்தார். பாரிஸ் நகரின் கரிபடிந்த மாளிகைகளைக் கழுவச் செய்தார். கறுப்பே கல்லின் நிறமென்று எண்ணியிருந்த மக்கள் முதலில் முணுமுணுத்தனர். 1962 யூலையில் நிறைவேறிய வேறொரு சட்டம் வெர்சாய், லூவ்ர் முதலிய ஏழு பெருஞ் சின்னங்களைத் திருத்துதற்குப் பணம் ஒதுக்கியது. ஆயினும் அரண்மனைகளைக் காத்தல் எந்த அரசாங்கத்துக்கும் இயலுவதே. குடிசனங்கள் வாழும் தெருவைக் காப்பதெப்படி?

இங்கே சற்று நின்று நோக்கவேண்டும். 1913ஆம் ஆண்டுச் சட்டம் சிறப்புடைய கட்டடங்களை ஒவ்வொன்றாகப் பட்டியலிட்டுக் காத்தது. 1943இல் வந்த சட்டம் அத்தகைய கட்டடத்தைச் சுற்றி ஐந்நூறு மீற்றர் வட்டத்தையும் மேற்பார்வைக்குள் கொணர்ந்தது. ஆனால், தனியே நோக்கின் எந்த வீடும் சிறப்பில்லை, சேர்த்து நோக்கின் தெருவே ஒரு கலைப்படைப்பு என்னும்படியான பழைய குடியிருப்புகள் இச்சட்டங்களின் வலையிற் சிக்கவில்லை. மேலும், பாரிஸில் வேறொரு பட்டியலும் இருந்தது. காசநோய்ச் சாவுகளைக் கணக்கிட்டுச் சுகாதாரத்துக்கு ஒவ்வாதவை என்று குறிக்கப்பட்ட பதினேழு வீட்டுத்தொகுதிகளின் பட்டியல் அது. அதில் ஏறிய தெரு இடிபடவேண்டியது. மரே என்னும் பழம்பகுதியின் தென்புறம் பதினாறாம் இலக்கத் தொகுதியாக அதிலே இடம்பெற்றிருந்தது. ஜெர்மானிய ஆக்கிரமிப்புக் காலத்திலே அங்கு வாழ்ந்தோர் வெளியேற்றப்பட்டனர். அவர்களுட் பலர் யூதர். வீடுகளும் பல இடிந்தன.

இடிப்பவர்கள் கொடியவர்கள் என்று சொல்லிவிடுதல் எளிது. ஆனால் அவ்வீடுகளிலே தண்ணீர்க் குழாய் இல்லை. வெயில் நுழையாத முற்றங்கள். ஒரு மலசலகூடத்தைப் பல குடும்பங்கள் பகிர்ந்தன. யுத்தத்தின் பின் வீடில்லாதோர் தொகை பெருகியிருந்தது. அடியோடு இடித்துக் கட்டுவதே மலிவு என்ற பொறியியலாளரின் கணக்கு பலர்க்கும் நியாயமாகவே தோன்றியது.

1962 ஓகஸ்ட் 4ஆந் திகதிச் சட்டம் அக்கணக்கை மாற்றியது. பழைய பகுதியொன்றின் எல்லை வரையறுக்கப்பட்டதும் அதனுள் எந்த இடிப்புக்கும் மாற்றத்துக்கும் அரசாங்கக் கட்டடக்கலைஞரின் இசைவு வேண்டும். பின்பு வீடு வீடாக ஆராய்ந்து, எதனைக் காப்பது, எதனைத் திருத்துவது, பிற்காலத்தில் முற்றங்களில் முளைத்த எந்தக் கொட்டகையை அகற்றுவது என்று நிரந்தரத் திட்டம் வரையப்படும். பழைய சுவருக்குள்ளே புதிய வசதி என்பதே அதன் சாரம்.

சட்டத்தின் முதற் பயனைப் பெற்றது லியோன் நகரம். சோன் ஆற்றங்கரையில் மறுமலர்ச்சிக் கால வீடுகள் நெருங்கி நிற்கும் பழைய லியோனிலே ஒரு வீட்டினூடே நுழைந்து அடுத்த தெருவுக்கு ஏகும் மறைவழிகள் பல உண்டு. நகர முதல்வர் லூயி பிரதெல் மோட்டார் வாகனங்களிற் பெருவிருப்புடையவர். அப்பகுதியினூடே அகன்ற வீதியொன்றைச் செலுத்த நினைத்தார். 1946இல் தோன்றிய உள்ளூர்ச் சங்கமொன்று பல்லாண்டு எதிர்த்து நின்றது. மால்ரோவின் கை அவர்களுக்குத் துணையாயிற்று. 1964 மே மாதத்திலே ஏறத்தாழ அறுபது ஏக்கர் பரப்புடைய பழைய லியோன், பிரான்சின் முதலாவது பாதுகாக்கப்பட்ட நகர்ப்பகுதியாக அறிவிக்கப்பட்டது. 1998இல் அது உலக மரபுரிமைப் பட்டியலிலும் ஏறியது. அமைச்சர் இல்லாவிடிற் சங்கம் தோற்றிருக்கும். சங்கம் இல்லாவிடிலோ அமைச்சர் காப்பதற்கு அங்கே தெருவே எஞ்சியிராது என்பது என் துணிபு.

மரேயின் கதை அத்துணை இனியதன்று. முந்நூறு ஏக்கருக்கு மேற்பட்ட அப்பகுதியும் அறுபதுகளிலேயே சட்டத்தின் காவலுள் வந்தது. மாளிகைகள் மீண்டும் ஒளிர்ந்தன. ஆனால் முற்றத்துக் கொட்டகைகளை அகற்றியபோது, அவற்றிலே தோலும் உலோகமும் வேலைசெய்து பிழைத்த கைவினைஞர் எங்கே போவர் என்று திட்டம் கேட்கவில்லை. வாடகை ஏறியது. ஏழைகள் புறநகர்களுக்குப் பெயர்ந்தனர். காக்கப்பட்ட தெருவிலே அத்தெருவின் மக்கள் எஞ்சவில்லை. கல்லை நேசித்த அளவு, கல்லுக்குள் வாழ்ந்தவரை அவருடைய சட்டம் நினைத்ததாகத் தெரியவில்லை.

பழமையின் காவலராகிய இவரே, பாரிஸின் வான்கோட்டைப் பிளந்து நிற்கும் மொம்பர்னாஸ் கோபுரத்துக்கும் இசைவு கொடுத்தவர். அவரை நேசிப்பவர்கள் இதனை மெல்லக் கடந்துவிடுவர்.

1969இல் டி கோல் பதவி துறந்தபோது மால்ரோவும் விலகினார். 1976 நவம்பர் 23இல் மறைந்தார். இருபது ஆண்டுகளின் பின், அதே திகதியில், அவருடைய எச்சங்கள் பிரான்சின் பெரியோர் துயிலும் பந்தெயோனுக்குக் கொண்டுசெல்லப்பட்டன. அவர் வகுத்த பாதுகாக்கப்பட்ட பகுதிகளுக்கு 2016இல் வேறு பெயர் சூட்டப்பட்டுவிட்டது. ஆயினும் பழைய வீட்டைத் திருத்துவோர்க்குக் கிடைக்கும் வரிச்சலுகையை மக்கள் மால்ரோ சட்டம் என்றே வழங்குகின்றனர். அப்பெயரைச் சொல்லி வரிப்பத்திரம் நிரப்புவோரில் எத்தனைபேர் அவருடைய நாவல்களைப் படித்திருப்பார்களோ!