பல்லாவரத்தில் குனிந்த அதிகாரி

ஊரப்பாக்கத்தில் ரயில் ஏறிச் சென்னைக்குப் போகிறவர்கள், தாம்பரம் தாண்டியதும் பல்லாவரம் நிலையத்தைக் காண்பார்கள். இந்திய சரித்திரத்தில் அந்த ஊருக்குத் தனி இடம் உண்டு. அதைத் தேடித் தந்தவர் ராபர்ட் புரூஸ் பூட் என்ற வெள்ளைக்கார அதிகாரி.

இவர் 1834-ல் இங்கிலாந்தில் பிறந்தார். 1858-ல் இந்தியப் பூகர்ப்ப இலாகாவில் சேர்ந்தார். ஊர் ஊராகச் சென்று, எங்கே என்ன பாறை இருக்கிறது என்று ஆராய்ந்து படம் வரைவது அவர் உத்தியோகம்.

குழியில் ஒரு கல்

1863-ம் ஆண்டு மே 30-ந் தேதி. பல்லாவரம் ராணுவ மைதானத்தின் அருகே சரளை தோண்டிய குழியில் ஒரு கல் கிடந்தது. மற்றவர் கண்ணுக்கு அது வெறும் கல். பூட் குனிந்து எடுத்தார். அது மனிதன் செதுக்கிய கைக்கோடரி!

பிரான்சு நாட்டில் கிடைத்த ஆதி மனிதனின் கல் ஆயுதங்களைப் பற்றி அவர் படித்திருந்தார். அதனால்தான் கண்டதும் தெரிந்தது. அவர் தாண்டிப் போயிருந்தால், அது சரளையோடு சரளையாகப் போயிருக்கும். இந்தியாவிலும் பழைய கற்கால மனிதன் வாழ்ந்தான் என்பதற்கு அதுவே முதல் சான்று ஆயிற்று.

யாரும் சொல்லாத வேலை

கல் ஆயுதம் தேடும்படி அவருக்கு உத்தரவு இல்லை. ஆனாலும் ஆசை விடவில்லை. அதே ஆண்டு செப்டம்பரில், சக அதிகாரி வில்லியம் கிங்குடன் சென்று, திருவள்ளூர்ப் பக்கத்து அத்திரம்பாக்கத்திலும் கல் ஆயுதங்களைக் கண்டார். பிறகு, பாறை ஆராயப் போன இடமெல்லாம் கண் தரையிலேயே இருந்தது. நூற்றுக்கணக்கான இடங்களில் சேகரித்தார்.

இதனால் கடமையில் குறை வைத்தாரா? இல்லை. தார்வார் பாறைகளை இனம் பிரித்துக் காட்டியவரும் அவரே. 33 ஆண்டுகள் உழைத்து, 1891-ல் ஓய்வு பெற்றார்.

எழும்பூரில் இருக்கிறது

அவர் சேர்த்தவற்றை 1904-ல் சென்னை அரசாங்க மியூசியம் விலைக்கு வாங்கியது. பிற்காலத்தில் ஏற்காட்டில் குடியிருந்த பூட், 1912-ல் காலமானார்.

அத்திரம்பாக்கத்துக் கல் ஆயுதங்களில் மிகப் பழையவை சுமார் 15 லட்சம் ஆண்டுகளுக்கு முந்தியவை என்று 2011-ல் விஞ்ஞானிகள் அறிவித்தனர். அந்த இடத்தை முதலில் காட்டியவர் பூட்.

உத்தரவு போட்டால் பாறைப் படம் கிடைக்கும். குனிந்து பார்க்கும் ஆசையை எந்த உத்தரவும் தராது. அது உழைப்பவன் நெஞ்சில் தானே பிறக்கவேண்டும்.