கிண்ணத்தை உடைத்த பாபர்

இந்தியாவில் மொகலாய ஆட்சியை நிறுவியவர் பாபர். பெரிய வீரர். பெரிய குடிகாரரும்கூட! பானிபட்டில் அவர் வென்ற கதை எல்லோருக்கும் தெரியும். மதுவை வென்ற கதை பலருக்குத் தெரியாது. அதை அவரே தம் சுயசரிதையில் ஒளிவு மறைவு இல்லாமல் எழுதி வைத்திருக்கிறார்.

பாபர் 1483-ம் ஆண்டு அந்திஜான் நகரில் பிறந்தார். அது இன்று உஸ்பெகிஸ்தானில் இருக்கிறது. 12-வது வயதில் பட்டத்துக்கு வந்தார்.

வாலிபத்தில் அவர் மதுவைத் தொட்டதில்லை. 1506-ல் ஹீரத் நகரில் விருந்து நடந்தது. உறவினர்கள் குடித்தார்கள். பாபர் குடிக்கவில்லை. ஆசை மட்டும் வந்தது.

பிறகு பழக்கம் ஒட்டிக்கொண்டது. காபூலில் அரசராக இருந்தபோது குடி முற்றியது. காலையிலும் விருந்து; மாலையிலும் விருந்து. 1519-ல் ஒரு நாள் இரவு, கையில் தீவட்டியுடன் குதிரையை நாலு கால் பாய்ச்சலில் விரட்டிக்கொண்டு கூடாரத்துக்கு வந்தார். மறுநாள் மற்றவர்கள் சொல்லித்தான் அது அவருக்கே தெரிந்தது!

40 வயதில் குடியை விட்டுவிடுவது என்று எண்ணியிருந்தார். அதற்கு ஓர் ஆண்டு இருந்தது. "விடத்தானே போகிறோம்" என்று முன்னைவிட அதிகமாகக் குடித்தார். 40 வயது வந்தது. குடி போகவில்லை.

போர்முனையில் சபதம்

1526-ல் பானிபட்டில் வென்று, டில்லியையும் ஆக்ராவையும் பிடித்தார். அடுத்த ஆண்டு மேவார் மன்னர் ராணா சங்கா பெரும் படையுடன் எதிர்த்து வந்தார். பாபரின் வீரர்கள் கலங்கினார்கள்.

1527 பிப்ரவரியில் பாபர் சபதம் செய்தார். தங்கக் கிண்ணங்களும் வெள்ளிக் கிண்ணங்களும் உடைக்கப்பட்டன. துண்டுகள் ஏழைகளுக்குப் போயின. ஒட்டகங்களில் புதிதாக வந்த திராட்சை மதுவில் உப்பைக் கொட்டிக் காடியாக்கச் சொன்னார். மீதி மது மண்ணில் ஊற்றப்பட்டது. சுமார் 300 பேர் அவருடன் சேர்ந்து குடியை விட்டார்கள். மார்ச் மாதம் கான்வா போரில் பாபர் வென்றார்.

இரண்டு வருடத் தவிப்பு

ஆனால் உண்மையான போர் அதன் பிறகுதான். குடிக்கும் ஆசை இரண்டு வருடம் அவரை வாட்டியது. கண்ணீர் வரும் அளவுக்குத் தவித்தார். காபூலில் இருந்த நண்பர் குவாஜா கலானுக்கு 1529-ல் எழுதிய கடிதத்தில் இதைச் சொல்லியிருக்கிறார். நீரும் விட்டுவிடும் என்று புத்தியும் சொன்னார்.

ஆசை எப்படி ஓய்ந்தது? 1528-ல் காய்ச்சலில் படுத்தார். அப்போது ஒரு பாரசீக ஞான நூலைத் துருக்கி மொழியில் பாட்டாக எழுத ஆரம்பித்தார். தினம் 10 ஈரடிப் பாட்டு என்று கணக்கு வைத்துக்கொண்டார். அந்த வேலையால்தான் ஆசை போயிருக்கும் என்பது அவருடைய எண்ணம்.

கங்கையில் 33 வீச்சு

உடலையும் அவர் சும்மா விடவில்லை. 1529-ல் கிழக்கே படையெடுத்துப் போகும் வழியில் கங்கையில் குதித்தார். கைவீச்சை எண்ணிக்கொண்டே நீந்தினார். 33 வீச்சில் அக்கரை! மூச்சு வாங்கிக்கொண்டு உடனே திரும்பி நீந்தினார். அப்போது வயது 46.

ஒன்றையும் மறைக்கக் கூடாது. மாஜூன் என்ற போதை லேகியத்தை அவர் விடவில்லை. 1530-ல் ஆக்ராவில் காலமானார்.

இன்று செவ்வாப்பேட்டை ரயிலடியில் ஷிப்டு முடிந்து இறங்குகிற தொழிலாளிக்கும் அந்தி நேரம்தான் சோதனை. அந்த நேரத்தில் கைக்கு வேலையும் காலுக்கு நடையும் கொடுத்தால் பாதி பாரம் குறையும். ஆனால் தினமும் நிறையக் குடித்தவர் தாமாகத் திடீரென்று நிறுத்தக் கூடாது. கை நடுக்கம், வலிப்பு, சித்தப் பிரமை வரலாம், உயிருக்கே ஆபத்து. முதலில் அரசாங்க ஆஸ்பத்திரி டாக்டரைப் பார்க்க வேண்டும். தேகப்பயிற்சி அப்புறம், அதுவும் கொஞ்சம் கொஞ்சமாக.

பாபரும் கிண்ணத்தை உடைத்த மறுநாளே கங்கையில் குதிக்கவில்லை. இரண்டு வருடம் ஆயிற்று!