சூடு தணியாத சுழலி: பீலிக்ஸ் வான்கெல்லின் கதை

பூண்டுலோயா நகரிலிருந்து மேல் தோட்டங்களை நோக்கி ஏறும் முச்சக்கர வண்டிகளை நாம் அன்றாடம் காண்கிறோம். ஆட்களையும் அரிசி மூட்டையையும் சுமந்துகொண்டு அவை முனகியபடி மேலேறும்போது எஞ்சின் கொதித்துவிடாமல் காப்பது, பெரும்பாலான வண்டிகளில், தண்ணீர் அல்ல; காற்றுத்தான். எஞ்சினின் வெளிப்புறத்தில் வரிவரியாக அமைந்துள்ள தகடுகள் சூட்டைக் காற்றிடம் ஒப்படைத்துவிடுகின்றன. ஆனால், சூடேறும் உறுப்பே நாற்புறமும் அடைபட்ட அறைக்குள் சுழன்றுகொண்டிருந்தால் காற்றை அதனிடம் எவ்வாறு கொண்டுசேர்ப்பது? பல நாட்டுப் பொறியியலாளர்களை ஆண்டுக்கணக்கில் அலைக்கழித்த இந்தக் கேள்விக்குக் காரணமாக இருந்தவர் ஜேர்மனியரான பீலிக்ஸ் வான்கெல்.

1902 ஓகஸ்ட் 13 ஆம் திகதி லார் என்னும் ஊரில் பிறந்த அவர், முதலாம் உலகப் போரின் தொடக்கத்திலேயே தந்தையைப் பறிகொடுத்தார். பல்கலைக்கழகப் படி ஏறியதில்லை. ஹைடல்பர்க் நகரில் நூல் வெளியீட்டு நிறுவனமொன்றில் வேலை பார்த்துக்கொண்டே, 1924 இல் சிறு பட்டறையொன்றை அமைத்துக்கொண்டார். கிட்டப்பார்வையால் அவதியுற்ற அவர், வாழ்நாளில் சாரதி அனுமதிப்பத்திரம் பெறவேயில்லை. உலகின் புதுமையான கார் எஞ்சினைத் தந்தவருக்குக் கார் ஓட்ட அனுமதி இல்லை! 1929 இல் சுழல் எஞ்சினுக்கான முதல் காப்புரிமை அவருக்குக் கிடைத்தது.

அவரது வாழ்வின் இன்னொரு பக்கம் இருண்டது. 1920 களிலேயே அவர் ஹிட்லரின் நாஜிக் கட்சியில் இணைந்து, இளைஞர் அணியில் பொறுப்பும் வகித்தார். பேடன் மாநிலக் கட்சித் தலைவரோடு ஏற்பட்ட மோதலால் வெளியேற்றப்பட்டு, 1933 இல் சில மாதங்கள் சிறையிலும் கிடந்தார். எனினும் அந்த ஆட்சி அவரைக் கைவிட்டுவிடவில்லை. லிண்டாவ் நகரில் அவருக்கு ஆய்வுப் பட்டறை கிடைத்தது. போர் விமான எஞ்சின்களுக்கான அடைப்பான்களையும் சுழல் வால்வுகளையும் அங்கே உருவாக்கினார். 1940 இல் எஸ்.எஸ். அமைப்பிலும் சேர்க்கப்பட்டார். போர் முடிந்ததும் பிரெஞ்சுப் படையினர் பட்டறையைக் கலைத்து அவரைச் சிறையிட்டனர். அவரது திறமையைப் போற்றும் கட்டுரைகள் பல இந்தப் பகுதியை ஒரு வரியில் தாண்டிவிடுகின்றன. அது நேர்மையாகாது என்பது நமது எண்ணம்.

1951 இல் என்.எஸ்.யூ. நிறுவனத்தோடு செய்துகொண்ட உடன்பாடு அவருக்கு மறுவாழ்வு தந்தது. 1957 பெப்ரவரி 1 ஆம் திகதி முதல் சோதனை எஞ்சின் இயங்கியது. அதில் சுழலி மட்டுமன்றி அதனைச் சூழ்ந்த உட்கூடும் சேர்ந்தே சுழன்றது. அதே நிறுவனத்தின் ஹன்ஸ் டீட்டர் பாஷ்கே, கூட்டை நிலையாக நிறுத்தி அமைப்பை எளிமையாக்கினார். வான்கெல் இதனை விரும்பவில்லை. ஆனாலும் உலகம் ஏற்றுக்கொண்டது பாஷ்கேயின் வடிவத்தையே.

பிஸ்டன் மேலும் கீழும் அடித்துக்கொள்ளும் வழக்கமான எஞ்சினைப் போலன்றி, இதில் பக்கங்கள் புடைத்த முக்கோணச் சுழலி ஒன்று, இடை ஒடுங்கிய கூட்டினுள் சுற்றிவருகிறது. அது ஒருமுறை சுற்றி முடிவதற்குள் மூன்று பக்கங்களிலும் எரிதல் நிகழ்ந்துவிடும். வால்வுகள் இல்லை, அதிர்வு குறைவு, எடையும் குறைவு. ஆனால் சுழலியில் ஏறும் வெப்பம் வெளியேற முனைகளிலுள்ள அடைப்பான்களும் நடுவிலுள்ள பெயாரிங்கும் தவிர வேறு வழி அரிது. வெப்பம் மிஞ்சினால் எண்ணெய் கரியாகும், அடைப்பான்கள் இறுகிப்போகும்.

என்.எஸ்.யூ.வும் ஜப்பானின் மஸ்டாவும் சுழலியின் உட்புறத்தில் எண்ணெயைப் பாய்ச்சிச் சூட்டைத் தணித்தன. கார்களுக்கு அது பொருந்தியது. பம்பும் எண்ணெய்க் குளிர்கலமும் சேர்ந்தால் சிறிய எஞ்சினுக்கு அது பெரும் பாரம். ஆகவே, பிக்டெல் அன்ட் சாக்ஸ் என்ற ஜேர்மனிய நிறுவனம் உள்ளே வரும் பெற்றோல் கலந்த காற்றையே முதலில் சுழலியின் வயிற்றினூடாகச் செலுத்தியது. சுழலி குளிர்ந்தது; காற்றோ சூடாகி விரிந்தது. விரிந்த காற்றில் ஒட்சிசன் குறைவு. எனவே எஞ்சினின் வலுவும் குறைந்தது.

இந்த முடிச்சை அவிழ்த்தவர் பிரித்தானியாவின் டேவிட் கார்சைட். பி.எஸ்.ஏ.யிலும் பின்னர் நோர்ட்டனிலும் பணியாற்றிய அவர், சுழலியைக் குளிர்வித்த காற்றை நேரே எரியும் அறைக்கு அனுப்பவில்லை. மோட்டார் சைக்கிளின் உள்ளீடற்ற இரும்புச் சட்டத்தினுள் செலுத்தி, அங்கே சற்று ஆறவிட்டு, அதன் பின்னரே காபரேட்டருக்கு அனுப்பினார். தேநீரை ஆற்றிக் குடிக்கும் நமக்கு இது விளங்காத வித்தையன்று. 1987 இல் வெளிவந்த நோர்ட்டன் கிளாசிக் இவ்வாறு அமைந்ததே.

வான்கெல் 1971 இல் தமது உரிமைகளை 100 மில்லியன் மார்க்குக்கு விற்றிருந்தார். மறு ஆண்டு, ஆய்வுகூடங்களில் விலங்குகள் படும் துன்பத்தைக் குறைக்கும் ஆய்வுகளுக்கெனப் பரிசொன்றை நிறுவினார். 1988 ஒக்டோபர் 9 ஆம் திகதி ஹைடல்பர்க்கில் காலமானார்.

கார்களில் இந்த எஞ்சின் பின்னடைந்தாலும், சிறியதும் இலேசானதுமான எஞ்சினைத் தேடியவர்கள் ஆளில்லா விமானங்களுக்காக அதனை எடுத்துக்கொண்டனர். இந்தியா நிஷாந்த் விமானத்துக்கென 55 குதிரைவலுவுள்ள வான்கெல் எஞ்சினை உருவாக்கி, 2009 இல் கோலாரில் பறக்கவிட்டது. நோர்ட்டனின் வழியில் பிறந்த பிரித்தானிய நிறுவனமொன்றின் எஞ்சின், இஸ்ரேலின் ஹெர்மிஸ் 450 விமானத்தை இயக்குகிறது. காஸாவின் வானில் வட்டமிட்டு, கீழே பிள்ளைகளை உறங்கவிடாத இரைச்சல்களில், ஹிட்லரின் கட்சிக்காரர் ஒருவரின் பட்டறையில் முளைத்த அந்தச் சுழலியின் இரைச்சலும் ஒன்று.