மூச்சின் வழி காத்த பெருமகன்: சேர் ஐவன் மகில்

உடம்பினுள் உயிர் தங்குவது மூச்சினாலாகும். சத்திரசிகிச்சை நிகழும் வேளையில் அம்மூச்சுச் செல்லும் வழியைக் காப்பதை ஒரு கலையாகவே வளர்த்தெடுத்தவர் சேர் ஐவன் மகில் ஆவார். வைத்தியருலகம் நன்கறிந்த அவர் பெயர் ஏனையோர் செவிக்கு அத்துணை எட்டியதில்லை. வைத்தியத்துறையை நாடும் மாணவர் பலரைக் கொண்ட நம் கல்லூரியின் இவ்விழா மலரில் அவர் வரலாற்றைச் சுருங்கக் கூறுதல் பொருத்தமெனக் கருதுகின்றோம்.

இன்று வட அயர்லாந்து எனப்படும் பகுதியிலே, லார்ண் என்னும் கடற்கரை ஊரில், 1888 ஆம் ஆண்டு யூலை 23 ஆம் நாள் மகில் பிறந்தார். பெல்பாஸ்ற் நகரப் பல்கலைக்கழகத்திற் கற்று 1913 இல் வைத்தியப் பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டிலே முதலாம் உலகப் போர் மூண்டது. அவரும் இராணுவ வைத்தியராகப் பணிபுரிந்தார்.

போர் ஓய்ந்தபின், 1919 இல், இலண்டனுக்கு அணித்தான சிட்கப் என்னுமிடத்துக் குயின்ஸ் வைத்தியசாலைக்கு அவர் அனுப்பப்பட்டார். அங்கே சேர்க்கப்பட்டோர் முகம் சிதைந்த போர்வீரர். தாடையிழந்தோரும் மூக்கிழந்தோருமாக ஐயாயிரத்துக்கு மேற்பட்டோர் அங்குச் சிகிச்சை பெற்றனர். ஹரல்ட் கில்லிஸ் என்னும் சத்திரவைத்தியர் அவர்களுக்கு முகத்தைப் புதுக்கி அமைத்துக் கொண்டிருந்தார். மயக்க மருந்து கொடுக்கும் பொறுப்பு மகிலைச் சார்ந்தது. அத்துறையில் அவருக்குத் தனிப்பயிற்சி இருக்கவில்லை என்பதை மாணவர் மனங்கொள்ளல் வேண்டும்.

அக்காலத்தில் முகத்தின்மேல் மூடியை வைத்து ஈதர் முதலியவற்றை மூச்சுடன் செலுத்துவதே வழக்கம். முகத்திலேயே சத்திரம் செய்யும்போது மூடியை எங்ஙனம் வைப்பது? வாயிற் பெருகும் குருதி உள்ளிறங்கி மூச்சை அடைத்துவிடின் என் செய்வது? மகிலும் அவருடைய தோழர் ஸ்ரான்லி ரோபொதமும் மெல்லிய குழாயொன்றை வாதனாளியினுட் செலுத்தி, அதன் வழியே மருந்து கலந்த காற்றை ஊதிப் பார்த்தனர். வெளிவந்த ஈதர் சத்திரவைத்தியரின் முகத்திலேயே வீசியது. காற்று வெளியேறுதற்கு இரண்டாவது குழாயைச் சேர்த்தனர். ஈற்றில், அகன்ற றப்பர்க் குழாய் ஒன்றே உள்மூச்சுக்கும் வெளிமூச்சுக்கும் போதுமெனக் கண்டனர். குழாயை உரிய இடத்துக்கு வழிப்படுத்த மகில் அமைத்த வளைந்த இடுக்கி 1920 இல் வெளியாயிற்று. அது இன்றும் அவர் பெயராலேயே வழங்குகின்றது.

பின்னர் இலண்டன் புறொம்ரன் வைத்தியசாலையில் மார்புச் சத்திரசிகிச்சைகளுக்கு அவர் துணைநின்றார். கசரோகத்தைத் தீர்க்கும் மருந்து தோன்றாத காலம் அது. நோயுற்ற சுவாசப்பையின் சீழ், சத்திரத்தின்போது, நலமாயிருந்த மற்றப் பக்கத்தினுட் பாய்ந்து நோயாளியை மாய்த்துவிடும் அபாயம் இருந்தது. கத்தி தவறாதிருந்தும் உயிர் போவதுண்டு.

நம் வன்னி விவசாயி இதனை எளிதில் உணர்வான். வாய்க்கால் இரண்டாகப் பிரியுமிடத்தில் ஒரு கிளையை மண்ணால் அடைத்து, மறு கிளை வழியே வயலுக்கு நீர் விடுதல் அவன் அன்றாடம் செய்வதன்றோ? வாதனாளியும் மார்பினுள் இடமும் வலமுமாகப் பிரிகின்றது. நோயுற்ற பக்கத்துக் கிளையை அடைத்துவிட்டால் மறுபக்கம் காக்கப்படும். அமெரிக்கரான கேலும் வாற்றர்சும் ஒரு பக்கச் சுவாசப்பைக்கு மட்டும் காற்றுச் செலுத்தும் முறையை 1932 இல் வெளியிட்டனர். கனடாவின் ஆர்ச்சிபோல்ட் 1935 இல் சிறு பலூனால் ஒரு கிளையை அடைக்கும் முறையைக் கூறினார். மகில் 1936 இல் வெளியிட்ட கட்டுரையில், உள்நோக்குக் கருவியாற் கண்ணாற் பார்த்தே அடைப்பானை வைக்கும் முறையை விளக்கினார். அவரது அடைப்பானில் இரு துளைகள் இருந்தன. ஒன்றன் வழியே காற்றூதிப் பலூனைப் பருக்கச் செய்யலாம். மற்றதன் வழியே சீழை உறிஞ்சி வெளியேற்றலாம். அடைப்பதும் அகற்றுவதும் ஒரு கருவியாலேயே இயன்றன.

1949 இல் கார்லென்ஸ் அமைத்த இரட்டைக் குழாய் இப்பணியைப் பெரிதும் ஏற்றுக்கொண்டது. எனினும் அக்குழாய் கொள்ளாத சிறு பிள்ளைகளுக்கும், அதனைச் செலுத்துதற்கு அரிதான தொண்டையுடையோருக்கும், மெல்லிய ஒளியிழைக் கருவியின் துணையுடன் வைக்கும் பலூன் அடைப்பான் இன்றும் கைகொடுக்கின்றது.

உணர்வழித்துறைக்கெனத் தனிப் பரீட்சை வேண்டுமென்று முயன்றோருள் மகில் முன்னின்றார். அதன் முதற் பரீட்சை 1935 இல் நடைபெற்றது. 1960 இல் அரசியார் அவருக்குச் சேர் பட்டம் அளித்தார். 1986 ஆம் ஆண்டு, தமது 98 ஆம் வயதில், அவர் காலமானார்.

2009 வரை நீண்ட போரின் வடு நம் மண்ணினின்றும் நீங்கியபாடில்லை. குண்டுச் சிதறல்களை உடலிற் சுமந்து வாழ்வோர் நம்மிடையே இன்றும் உளர். ஆதலின், சிதைந்த முகங்களின் முன்னே பயிற்சியின்றி நின்ற அவ்விளைஞரின் நிலை நமக்கு அந்நியமானதன்று. போர் அவருக்குக் காட்டியது துன்பத்தை. அதனுள்ளே அவர் கண்டது தாம் தீர்க்கவேண்டிய வினாவை. முதற் குழாய் பயன்படாதபோது இரண்டாவதையும், அதுவும் போதாதபோது வேறொன்றையும் நாடினார். வசதி குறைந்த பள்ளியிற் கற்றோம் என ஏங்கும் நம் மாணவர் இதனை எண்ணிப் பார்ப்பாராக. நாளை ஒரு நாள், மயங்கிக் கிடக்கும் ஒருவரின் மூச்சு நம் கல்லூரி மாணவர் ஒருவரின் கையில் ஒப்படைக்கப்படும். அக்கை மகிலின் கைபோல் விழிப்புடனிருக்க இறைவனை இறைஞ்சுகின்றோம்.