மரத்துக்கு வழிவிட்டுக் கட்டியவர்: லாரி பேக்கர்

ஊரில் உள்ள எங்கள் பழைய வளவில் புது வீடு கட்டுவதற்கான வரைபடம் சென்ற மாதம் தொலைபேசியில் வந்து சேர்ந்தது. மேல்மாடி, கார் நிறுத்துமிடம் எல்லாம் இருந்தன. கிணற்றடி மாமரம் மட்டும் இல்லை. அது நின்ற இடத்தில் ஒரு படுக்கையறை வந்திருந்தது. பியர்பொன்ட்ஸில் எங்கள் வீட்டு மரத்தையே நகராட்சியிடம் அனுமதி எடுக்காமல் வெட்ட முடியாது. ஊரில் பெற்றோர் வைத்த மரம் ஒரு கோட்டில் போய்விடுகிறது. அந்த வேளையில்தான் லாரி பேக்கரின் வாழ்க்கை எங்கள் நினைவுக்கு வந்தது.

பேக்கர் 1917இல் இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் பிறந்தவர். அங்கேயே கட்டடக்கலை படித்து 1937இல் பட்டம் பெற்றார். குவேக்கர் சமயப் பிரிவைச் சேர்ந்தவர் என்பதால் ஆயுதம் ஏந்த மறுத்து, போர்க்காலத்தில் மருத்துவ உதவிக் குழுவோடு சீனாவுக்குப் போனார். திரும்பும் வழியில் கப்பலுக்காகப் பம்பாயில் சில மாதங்கள் காத்திருக்க வேண்டி வந்தது. அங்கே காந்தியைச் சந்தித்தார். வீடு கட்டும் பொருட்கள் ஐந்து மைல் சுற்றளவுக்குள் கிடைக்க வேண்டும் என்ற காந்தியின் கருத்தைக் கடைசிவரை விடவில்லை.

1945இல் தொழுநோயாளர் பணிக்காக மீண்டும் இந்தியா வந்தார். 1948இல் மருத்துவர் எலிசபெத் ஜேக்கபை மணந்தார். இருவரும் இமயமலைப் பகுதியான பிதோராகரில் ஏறத்தாழ 16 ஆண்டுகள் வாழ்ந்தார்கள். படித்து வந்த கலையை அங்கே மறுபடி கற்கவேண்டியிருந்தது. கல்லையும் மண்ணையும் கொண்டு ஊர்க்காரர் கட்டிய வீடுகளே அவருக்குப் பள்ளிக்கூடம். 1963இல் கேரளத்தின் வாகமண்ணுக்கும், பின்னர் திருவனந்தபுரத்துக்கும் வந்தார்கள்.

1971இல் திருவனந்தபுரத்தின் வளர்ச்சி ஆய்வு மையத்தைக் கட்டும் வேலை அவரிடம் வந்தது. பத்து ஏக்கர் மேட்டு நிலம், அதில் மரங்கள். நிலத்தைச் சமப்படுத்தி மரங்களைத் தறிக்க அவர் முனையவில்லை. மேட்டின் போக்கிலேயே கட்டடங்களை ஏற்றி இறக்கினார். மரம் குறுக்கிட்ட இடத்தில் சுவரை வளைத்தார். வளைந்த சுவர் நேர்ச்சுவரைவிட உறுதியாக நிற்கும் என்பதும் அவருக்குத் தெரியும்.

கணக்காளர்களான எங்களுக்கு அவரிடம் பிடித்தது செலவுக் கணக்கு. செங்கல்லை விளிம்பில் நிறுத்தி, நடுவில் வெற்றிடம் விட்டுக் கட்டும் எலிப்பொறிக் கட்டில் கால்வாசி செங்கல் மிச்சம். சுவருக்குள் நிற்கும் காற்று வெயிலின் சூட்டையும் தடுக்கும். கூரைத் தட்டில் கொங்கிறீட் பாரம் தாங்காத இடங்களில் பழைய ஓடுகளை வைத்ததால் சீமெந்தும் கம்பியும் குறைந்தன. ஜன்னலுக்குப் பதிலாகச் செங்கல் வலைச்சுவர் காற்றையும் வெளிச்சத்தையும் விட்டது. இதற்கெல்லாம் பெரிய அலுவலகம் கிடையாது. வேலைத்தலத்திலேயே நின்று, பழைய கடித உறைகளில் வரைந்து, மேசன்மாரோடு பேசிக் கட்டினார்.

எழுபது வயது கடந்த பிறகே அவருக்கு இந்தியக் குடியுரிமை கிடைத்தது. 1990இல் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது. 2007 ஏப்ரல் 1இல், தொண்ணூறு வயதில், திருவனந்தபுரத்தில் காலமானார்.

குளிர்நாட்டில் பிறந்தவர் வெயில் நாட்டுக்குப் போய் மர நிழலின் விலையை அறிந்தார். அந்த நிழலில் வளர்ந்த நாங்கள் குளிர்நாட்டில் இருந்து காசு அனுப்பி அதை வெட்டுவிக்கிறோம். நாற்சார் வீட்டின் முற்றமும் அப்படித்தான் போனது. எங்களுக்கு வந்த செலவு மதிப்பீட்டில் மரம் தறிக்கும் கூலிக்கு ஒரு வரி இருந்தது. மரம் போனபின் அறைக்கு வேண்டிவரும் குளிரூட்டிக்கும், மாதாமாதம் கட்டப்போகும் மின்கட்டணத்துக்கும் வரி இல்லை. காசு அனுப்புகிறவர்களின் சொல்லுக்கு ஊரில் மதிப்பு உண்டு என்பதையும் நாங்கள் மறந்துவிடுகிறோம்.

வரைபடத்தைத் திருப்பி அனுப்பியிருக்கிறோம். அத்திவாரம் வேரில் படாதபடி அறையைத் தள்ளிப் போட முடியுமா, அதனால் எவ்வளவு கூடும் என்று கேட்டிருக்கிறோம். அம்மாவிடம் சொன்னபோது, இந்த முறை காய் பிடித்திருக்கிறதா என்றுதான் முதலில் விசாரித்தா.