பழைய படமும் பாட்டிலும்: சிரிக்க வைத்த சந்திரபாபுவை குடி அழித்த சோகக்கதை

ஆலங்காயம், மார்ச் 8-

வாணியம்பாடி, ஆம்பூர் பக்கம் ஷூ கம்பெனி வேலைக்குப் போய்விட்டு ராத்திரி ஆலங்காயம் திரும்புகிறவர்களுக்கு டி.வி.யில் பழைய படம் பார்ப்பதுதான் பெரிய பொழுதுபோக்கு. சந்திரபாபு காமெடி வந்தால் சேனலை மாற்ற மனசு வராது. கருப்பு வெள்ளைப் படத்தைப் போட்டுவிட்டு பக்கத்தில் ஒரு குவார்ட்டரை வைத்துக்கொள்பவர்களும் உண்டு. வெளிநாடுகளில் ஒவ்வொரு பழைய படத்துக்கும் ஒரு காக்டெய்ல் என்று பொருத்தம் பார்த்தே குடிக்கிறார்கள்.

ஆனால் அந்தத் திரையில் துள்ளி ஆடும் மனிதரையே கொன்றது குடிதான் என்பது பலருக்குத் தெரியாது. இன்று அவரது நினைவு நாள்.

தூத்துக்குடிக்காரர்

ஜே.பி.சந்திரபாபு 1927-ம் ஆண்டு தூத்துக்குடியில் கத்தோலிக்க கிறிஸ்தவ குடும்பத்தில் பிறந்தார். அப்பா ரோட்ரிக்ஸ் சுதந்திரப் போராட்ட வீரர். 'சுதந்திர வீரன்' என்ற பத்திரிகை நடத்தியவர். வெள்ளைக்கார அரசின் கெடுபிடியால் குடும்பம் கொழும்புக்குப் போக நேர்ந்தது. சந்திரபாபு வளர்ந்ததும் படித்ததும் அங்கேதான். மேல்நாட்டுப் பாட்டு, நடனம் இரண்டிலும் அவர் கெட்டிக்காரர்.

பிறகு குடும்பம் சென்னை திருவல்லிக்கேணிக்கு வந்தது. 1947-ல் 'தன அமராவதி' படத்தில் அறிமுகம் ஆனார். ஆனாலும் வாய்ப்பு சுலபமாகக் கிடைக்கவில்லை. விரக்தி அடைந்து 1952-ல் ஜெமினி ஸ்டூடியோவில் தற்கொலைக்கு முயன்று காப்பாற்றப்பட்டார். கோர்ட்டு, கேஸ் என்று அலைந்தார்.

உச்சிக்குப் போனார்

அதன்பின் வாழ்க்கை தலைகீழாக மாறியது. தொண்டையைப் புரட்டி 'யோட்லிங்' என்ற மேல்நாட்டு பாணியில் அவர் பாடியது தமிழ் ரசிகர்களுக்குப் புதுசு. தன் பாட்டை தானே பாடி, தானே ஆடி, தானே சிரிக்க வைத்தார். 'மகாதேவி' (1957), 'நாடோடி மன்னன்' (1958) படங்களில் எம்.ஜி.ஆருடன் நடித்தார். 1958-ல் வந்த 'சபாஷ் மீனா'வில் சிவாஜியுடன் இரட்டை வேடம். அதில் மெட்ராஸ் பாஷை பேசும் ரிக்ஷாக்காரராக வந்து கலக்கினார். இன்றைக்குப் பார்த்தாலும் சிரிப்பை அடக்க முடியாது.

மதுவிலக்கு காலம்

அது மதுவிலக்கு காலம். 1948-ல் சென்னை மாகாணம் முழுவதும் வந்த மதுவிலக்கு 1971-ல்தான் தளர்த்தப்பட்டது. தெருவுக்குத் தெரு சரக்கு கிடைக்காத அந்த நாளிலேயே சந்திரபாபு குடிக்கு அடிமையானார். பணமும் பழக்கமும் உள்ள இடத்துக்கு பாட்டில் எப்படியும் வந்து சேர்ந்துவிடும் என்பதற்கு அவரே சாட்சி.

வீட்டிலும் நிம்மதி இல்லை. 1958-ல் நடந்த கல்யாணம் நிலைக்கவில்லை. மனைவிக்கு வேறொருவர் மீது விருப்பம் என்று தெரிந்ததும், சண்டை போடாமல் அவரை அவர் வழியில் அனுப்பி வைத்தார். அந்தக் காயம் ஆறவே இல்லை.

கவிழ்த்த படங்கள்

கவிஞர் கண்ணதாசன் தயாரிப்பில் 1960-ல் நடித்த 'கவலை இல்லாத மனிதன்' ஓடவில்லை. பிறகு எம்.ஜி.ஆரை வைத்து 'மாடி வீட்டு ஏழை' என்ற படத்தைத் தொடங்கினார். படம் பாதியில் நின்றது. போட்ட பணம் போச்சு, கடன் கழுத்தை நெரித்தது, ஆசை ஆசையாகக் கட்டிய பங்களாவும் கைவிட்டுப் போனது.

1966-ல் நடிகை சாவித்திரியை வைத்து 'தட்டுங்கள் திறக்கப்படும்' படத்தை அவரே இயக்கி நடித்தார். அதுவும் கைகொடுக்கவில்லை. அந்தப் படத்தின் நாயகன், நாயகி இருவரையுமே பின்னாளில் குடிதான் சாய்த்தது. நீண்ட நாள் நினைவின்றிக் கிடந்த சாவித்திரி 1981-ல் இறந்தார்.

46 வயதில் மரணம்

துக்கத்தை மறக்கக் குடித்தார். குடித்ததால் ஷூட்டிங் கெட்டது, வாய்ப்பு குறைந்தது. வாய்ப்பு குறைந்த துக்கத்தில் இன்னும் குடித்தார். 1969-ல் 'அடிமைப்பெண்' போன்ற படங்களில் தலைகாட்டினாலும் பழைய மவுசு திரும்பவில்லை. 1974-ம் ஆண்டு மார்ச் 8-ந்தேதி சென்னையில் உயிர் பிரிந்தது. வயது 46 தான். சாந்தோம் அருகே குயிபிள் தீவு கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

அவர் படத்தை ரசிக்க சரக்கு எதுவும் தேவையில்லை. ஒரு டம்ளர் டீயும், பக்கத்தில் உட்கார்ந்து சிரிக்கும் பெண்டாட்டி பிள்ளைகளும் போதும். கோடிப் பேரை சிரிக்க வைத்த சந்திரபாபுவுக்கு கடைசி வரை கிடைக்காமல் போனது அந்த வீடுதான்.