கஞ்சாமில் ஒரு மாதா கோவில்

ஸ்ரீரங்கப்பட்டணம் செல்லும் நம்மவர்கள் ரங்கநாதரைச் சேவித்து, கஞ்சாமில் திப்பு சமாதியையும் பார்த்துத் திரும்பி விடுகிறார்கள். அதே கஞ்சாமில் ஆபே துபுவா பாதிரியாரின் பெயர் சொல்லும் பழைய மாதா கோவில் ஒன்றும் உண்டு.

பிரான்சில் பிறந்த துபுவா, 1792-ல் இந்தியா வந்தார். முதலில் தமிழகக் கிராமங்களில் பணி. தலைப்பாகை கட்டினார், புலால் உண்பதை விட்டார். 1799-ல் திப்பு வீழ்ந்த பின், சிதறிக் கிடந்த கிறிஸ்தவர்களை ஒன்று சேர்க்க ஸ்ரீரங்கப்பட்டணம் வந்தார்.

அந்நாளில் பெரியம்மை ஊர் ஊராக உயிர்களை வாரிக்கொண்டு போயிற்று. அம்மை குத்திக் கொள்ளவோ ஜனங்களுக்குப் பயம். தங்களைப் போலவே உடுத்தி, உண்டு வாழ்ந்தவர் சொன்னதால் கை நீட்டினர். 1803, 1804-ல் மட்டும் 25,000 பேருக்கு மேல் அம்மை குத்தப்பட்டது. ஹாசன் அருகே சாத்தள்ளியில் விவசாயக் குடியிருப்பும் ஏற்படுத்தினார்.

இந்திய மக்களின் பழக்க வழக்கங்களைப் பற்றிய அவரது கையெழுத்துப் பிரதியை 1807-ல் கம்பெனியார் 2,000 வராகனுக்கு வாங்கினர். அதில் பெரும்பகுதி அவருக்கு முந்திய கேர்து பாதிரியாரின் எழுத்து என்று பிற்கால ஆராய்ச்சியில் தெரிய வந்தது. நூலின் புகழ் குறைந்தாலும், அம்மையிலிருந்து தப்பிய உயிர்களின் கணக்கு குறையாது.

1823-ல் தாய்நாடு திரும்பிய துபுவா, 1848-ல் பாரிசில் காலமானார். கஞ்சாம் செல்வோர் அந்தக் கோவிலையும் ஒருமுறை எட்டிப் பார்த்து வரலாம்.